பல ஆண்டுகள் கழித்து மீண்டும் சைக்கிளில் ஏறுவோருக்கு

23 ஆண்டுகள் மோட்டார் சைக்கிளிலேயே போய்வந்த பிறகு, 46ஆம் வயதில் நான் மீண்டும் சைக்கிளில் ஏறினேன். பள்ளி மைதானம் ஒன்றில், அண்ணன் மகன் பின்னால் சீட்டைப் பிடித்துக்கொள்ள, பத்தடி தூரம் தள்ளாடினேன். அதற்குள் உடம்பு தானாக நிமிர்ந்துகொண்டது. அவன் எப்போது கையை எடுத்தான் என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. கற்ற சைக்கிள் மறக்காது என்று பெரியவர்கள் சொல்வது எவ்வளவு சரி என்ற நினைப்பில் மறுநாள் காலையே சாலைக்குப் போய்விட்டேன். எங்கள் தெருமுனையில் ஒரு சிறுவன் பந்தைத் துரத்திக்கொண்டு குறுக்கே ஓடிவந்தான். என் வலது கால் சட்டென்று கீழே அழுந்தியது. மோட்டார் சைக்கிளில் அந்தக் காலுக்கு அடியில் பின் பிரேக் இருக்கும். சைக்கிளில் அங்கே இருப்பது பெடல். நிறுத்த வேண்டிய வண்டியை நானே அவனை நோக்கி உந்திவிட்டேன். அவன் துள்ளி விலகினான். நான் மதில் சுவரில் உரசி முழங்கைத் தோலைப் பெயர்த்துக்கொண்டேன்.

இந்த வழிகாட்டியை எழுதுவதற்குக் காரணம் அந்த ஒரு நொடிதான். மீண்டும் ஏறுபவருக்கு மறக்காமல் இருப்பது சமநிலை மட்டுமே. பிரேக் பிடிப்பது, தலையைத் திருப்பிப் பின்னால் பார்ப்பது, ஒரு கையை விட்டு ஓட்டுவது, வேகத்தையும் தூரத்தையும் கணிப்பது ஆகியவை துருப்பிடித்துப் போயிருக்கும். அத்தோடு, இடைப்பட்ட ஆண்டுகளில் மோட்டார் வண்டி கற்றுக்கொடுத்த பழக்கங்கள் கையிலும் காலிலும் ஊறிப்போயிருக்கும். சமநிலை ஐந்து நிமிடத்தில் திரும்பிவிடுவதால் மற்றவையும் திரும்பிவிட்டதாக நாம் நம்பிவிடுகிறோம். எனவே சாலையில் இறங்குவதற்கு முன் சில நாட்களை மைதானத்தில் செலவிடுங்கள் என்பதே நான் முதன்மையாகச் சொல்ல விரும்புவது. அதற்கும் முன்னதாக வண்டியைப் பார்த்துவிடலாம்.

எந்த வண்டி

வீட்டில் பழைய சைக்கிள் ஒன்று மாடிப்படிக்குக் கீழே கிடந்தால், அதைத் தூசி தட்டிக் காற்றடித்து உடனே ஏறிவிட வேண்டாம். ஓடாமல் நின்ற வண்டியில் முதலில் கெடுவது ரப்பர். டயரின் பக்கவாட்டைக் கட்டைவிரலால் அழுத்தி வளைத்துப் பாருங்கள்; மெல்லிய வெடிப்புகள் வாய் திறந்தால் அந்த டயரை மாற்றத்தான் வேண்டும். நம் ஊர்க் கறுப்பு சைக்கிள்களின் டியூபில் வால்வின் உள்ளே ஒரு சிறு ரப்பர் குழாய் இருக்கும். கடைக்காரர்கள் அதை வால்டியூப் என்பார்கள். மண்புழுவைப் போன்ற அந்தத் துண்டு நாள்பட்டால் ஒட்டிக்கொண்டு கிழிந்துவிடும். காற்று நிற்காத வண்டியைப் பஞ்சர் என்று எண்ணி டியூபைக் கழற்றுவதற்கு முன் வால்டியூபை மாற்றிப் பாருங்கள். பல நேரங்களில் வேலை அத்தோடு முடிந்துவிடும்.

அடுத்தது பிரேக் கட்டை. பத்தாண்டு நின்ற வண்டியின் கட்டை கல்லைப்போல் இறுகியிருக்கும். நகத்தால் கீறினால் தடம் விழாது. அது ரிம்மைப் பிடிக்காது, வழுக்கும். நான்கு கட்டைகளையும் ஒன்றாக மாற்றிவிடுவது நல்லது. கேபிள் பிரேக் உள்ள வண்டியானால், லிவரை முழு வலுவோடு அழுத்தும்போது அது ஹேண்டில்பாரைத் தொடக் கூடாது. தொட்டால் கேபிள் தளர்ந்திருக்கிறது என்று பொருள். சக்கரங்களைத் தூக்கிச் சுற்றிவிட்டு, ரிம் இடமும் வலமும் ஆடுகிறதா என்று பாருங்கள்; ஆடினால் கோட்டம் எடுக்க, அதாவது சக்கரக் கம்பிகளை முறுக்கி ரிம்மை நேராக்க வேண்டும். பெடல் பூட்டியிருக்கும் இரும்புக் கையான கிராங்கைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் 'டொக் டொக்' என்று ஓசை வருமானால், உள்ளே சிறு இரும்புக் குண்டுகளான பால்ரஸ் தேய்ந்திருக்கும், அல்லது கிராங்கை அச்சோடு பிணைக்கும் கோட்டர் பின் தளர்ந்திருக்கும். இத்தனையும் இருந்தால் தனித்தனியாகப் பார்க்காமல் ஓவராயிலிங் கொடுத்துவிடுங்கள். வண்டியை முழுக்கப் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, பழைய கிரீசை எடுத்துப் புதியது வைத்துப் பூட்டித் தருவார்கள். செயினுக்குச் சைக்கிள் எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ போடலாம். தேங்காய் எண்ணெய் ஊற்றும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அது குளிர்ந்த காலைகளில் உறைவதோடு, நாளடைவில் பிசினாகிப் புழுதியைப் பிடித்துவைத்துக்கொள்ளும். எதைப் போட்டாலும், போட்டபின் துணியால் செயினின் வெளிப்பக்கத்தைத் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் தேவைப்படுவது செயினின் கண்ணிகளுக்கு உள்ளேதான்.

புதிதாக வாங்குவதானால், முதல் ஒரு மாதம் யாரிடமாவது இரவல் வாங்கி ஓட்டிவிட்டுப் பிறகு கடைக்குப் போங்கள். எதை வாங்குவது என்பது அதற்குள் உங்களுக்கே தெரிந்திருக்கும். கடையில் கண்ணைக் கவர்வது தடித்த டயரும், முன்னும் பின்னும் குலுக்கலைத் தாங்கும் ஸ்பிரிங்கும் உள்ள வண்டிகள்தான். நகரச் சாலைக்கு அவை தேவையில்லை. எடை கூடும், நீங்கள் மிதிக்கும் விசையில் ஒரு பங்கை அந்த ஸ்பிரிங்குகள் விழுங்கும், உருளும்போது தடித்த டயர் இழுக்கும். நிமிர்ந்து உட்காரும்படி ஹேண்டில்பார் அமைந்த, நடுத்தர அகல டயர் கொண்ட, மட்கார்டும் கேரியரும் பூட்ட இடமுள்ள சாதாரண வண்டியே நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ஏற்றது என்பது என் எண்ணம். மேடு பள்ளம் இல்லாத ஊரென்றால் கியர்கூடக் கட்டாயமில்லை. வண்டியின் மேல் பாரைக் கால்களுக்கு இடையில் வைத்து இரு பாதங்களையும் தரையில் ஊன்றி நில்லுங்கள். உடலுக்கும் பாருக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளியாவது இருக்க வேண்டும். அது இல்லாத வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் உங்களுடையது அன்று.

பார் வைத்த வண்டியா, வளைந்த பெண்கள் வண்டியா என்று தயங்கும் பெண்களுக்கு ஒரு செய்தி. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், எழுத்தறிவு கற்பித்த அறிவொளி இயக்கத்தை ஒட்டிப் பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். அவர்களில் பலர் பிள்ளை பெற்றவர்கள், வயலிலும் கல் குவாரியிலும் வேலை செய்தவர்கள். பெண்களுக்கான வண்டிகள் போதாததால் பார் வைத்த ஆண்கள் வண்டியிலேயே ஏறினார்கள். குழந்தையை முன்னால் உட்கார வைக்க அந்தப் பார் வசதி என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. வயது வந்தபின் கால் வராது, பார் தடுக்கும் என்ற பேச்செல்லாம் அங்கே ஏற்கெனவே பொய்த்துவிட்டது. ஆனால் உடையில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். துப்பட்டாவை இரு பக்கமும் பின்னால் விட்டு ஓட்டக் கூடாது. அது பின்சக்கரத்தில் சுற்றினால் கழுத்தை இறுக்கிவிடும். குறுக்காகப் போட்டு இடுப்பில் முடிந்துகொள்ளுங்கள், அல்லது கழற்றிப் பையில் வையுங்கள். சேலையானால் பின்சக்கரத்துக்கு வலையும் செயினுக்கு முழு மூடியும் இருக்க வேண்டும். வேட்டி, லுங்கி உடுத்துவோர் மடித்துக் கட்டிக்கொள்ளவும், பேன்ட் அணிவோர் வலது கால் ஓரத்தைக் கிளிப் போட்டோ காலுறைக்குள் செருகியோ ஒடுக்கிக்கொள்ளவும் வேண்டும். சைக்கிளுக்கு ஹெல்மெட் எதற்கு என்று பலர் கேட்பார்கள். சைக்கிளிலிருந்து விழும் தலையும் அதே தரையில்தான் மோதுகிறது. தாடைப் பட்டையை இறுக்கி அணியுங்கள்.

சீட்டின் உயரம்

சீட்டின் உயரத்தை ஒரே முறையில் முடிவுசெய்யக் கூடாது. இரண்டு கட்டமாகச் செய்ய வேண்டும். முதல் நாட்களில், உட்கார்ந்தபடியே இரு பாதங்களும் முழுமையாகத் தரையில் படும் அளவுக்கு இறக்கி வையுங்கள். இது மிதிப்பதற்குத் தவறான உயரம்தான், முட்டிக்கும் நல்லதன்று. ஆனால் கால் தரையைத் தொடும் என்ற உறுதி இருந்தால்தான் பயம் போகும், பயம் போனால்தான் தோளும் கையும் தளரும். மைதானப் பயிற்சி முடியும் வரை அப்படியே இருக்கட்டும். பிறகு வாரத்துக்கு இரண்டு விரற்கடை வீதம் உயர்த்தலாம். சரியான உயரம் எது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

மைதானத்தில்

புல் அடர்ந்த இடம் வேண்டாம். விழுந்தால் மெத்தென்று இருக்கும் என்று தோன்றினாலும், புல்லில் சக்கரம் இழுத்து வேகம் வராது, வேகம் இல்லாவிட்டால் தள்ளாட்டம் கூடும். இறுகிய மண் தரையோ, விடுமுறை நாளில் காலியாகக் கிடக்கும் சிமென்ட் முற்றமோ நல்லது. ஒரு நாளைக்கு அரை மணி நேரம் போதும். களைத்தபின் செய்யும் பயிற்சி தவறுகளைத்தான் பழக்கும்.

முதல் கால் மணி நேரம் பெடலைத் தொடவே வேண்டாம். சீட்டில் உட்கார்ந்து, இரு கால்களாலும் தரையை உந்தி உந்திச் செல்லுங்கள். வேகம் வந்ததும் கால்களைச் சற்றே தூக்கிக்கொண்டு, வண்டி தானாக உருளும் வரை உருளவிட்டு, கைப்பிரேக்கால் மட்டும் நிறுத்துங்கள். சைக்கிள் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஹேண்டிலை இலேசாகத் திருப்புவதால்தான் அது நிமிர்கிறது. சாய்வுக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால் விழுவோம். உங்கள் கைகளுக்கு இது தெரியும். அவற்றை இறுக்காமல் விட்டாலே செய்துவிடும். முன்சக்கரத்தைப் பார்க்காமல் இருபதடிக்கு அப்பால் ஒரு மரத்தையோ தூணையோ பாருங்கள். பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்தில்தான் இறங்குவோம். பள்ளத்தை ஒட்டிய நல்ல தரையைப் பார்க்கப் பழக வேண்டும்.

அடுத்து ஏறுவதும் இறங்குவதும். சிறுவயதில் நாம் ஏறியது வேறு விதம்: இடது காலைப் பெடலில் வைத்து, வலது காலால் தரையைத் தத்தித் தத்தி உந்தி, ஓடுகிற வண்டியில் காலைப் பின்னால் வீசிப் போடுவோம். அந்த வீச்சை இப்போது முயலாதீர்கள். இடுப்பு அவ்வளவு திறக்காது. கால் கேரியரில் இடித்தால் வண்டியோடு சேர்ந்து சாய்வோம். நின்ற வண்டியை உங்கள் பக்கம் நன்றாகச் சாய்த்து, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, காலை அந்தப் பக்கம் போட்டு, பாரைக் கால்களுக்கு இடையில் வைத்து நில்லுங்கள். வலது பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, கடிகாரத்தில் இரண்டு மணி முள் நிற்கும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். அதன்மேல் வலது காலை வைத்து ஓங்கி மிதித்தால், அந்த ஒரே மிதியில் வண்டி நகரவும் நீங்கள் சீட்டில் அமரவும் செய்யலாம். இறங்கும்போது நேர்மாறாக: இரண்டு பிரேக்கையும் பிடித்து, வண்டி நிற்கும் தறுவாயில் சீட்டிலிருந்து முன்னால் நழுவி, இடது காலைத் தரையில் ஊன்றுங்கள். நாம் சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள் என்பதால், எப்போதும் ஓரத்தின் பக்கம், அதாவது இடது காலே ஊன்றப் பழக வேண்டும். குறைந்தது இருபது முறையாவது இப்படி ஏறி இறங்குங்கள்.

இப்போது பிரேக். இதற்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். எந்த லிவர் எந்தச் சக்கரத்துக்கு என்பதை முதலில் சோதித்துப் பாருங்கள். இங்கு விற்கும் பெரும்பாலான சைக்கிள்களில் வலக்கை முன்பிரேக், இடக்கை பின்பிரேக். மோட்டார் சைக்கிள்காரரின் இடக்கைக்குக் கிளட்சும் வலக்காலுக்குப் பின்பிரேக்கும் பழகியிருக்கும் என்பதால், அவசரத்தில் இடக்கை கிளட்ச் பிடிப்பதுபோல் அரைகுறையாக அழுத்தும், வலக்கால் பெடலை மிதிக்கும். நான் சுவரில் உரசியது இப்படித்தான். இதற்கு மருந்து ஒன்றே: பிரேக் பிடிக்கும்போதெல்லாம் இரு பெடல்களும் தரைக்கு இணையாக ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும் என்று காலுக்குப் பழக்குவது. பெடல்கள் மட்டமாக நின்று, இரு கால்களிலும் எடை சமமாக இருந்தால், ஒரு கால் மட்டும் அழுந்தாது. நான் சில நாள் வாய்விட்டே 'கால் மட்டம், கை இரண்டும்' என்று சொல்லிக்கொண்டு நிறுத்தினேன். மைதானத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் நாளடைவில் வலக்கால் அடங்கிவிட்டது.

தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, அங்கே வந்ததும் நிறுத்துங்கள். முதலில் பின்பிரேக்கை மட்டும், பிறகு மெதுவான வேகத்தில் முன்பிரேக்கை மட்டும் இலேசாக, பிறகு இரண்டையும் சேர்த்துப் பிடித்து, ஒவ்வொரு முறையும் கோட்டைத் தாண்டி எவ்வளவு தூரம் போகிறீர்கள் என்று பாருங்கள். பின்பிரேக் மட்டும் பிடித்தால் வண்டி நெடுந்தூரம் இழுத்துக்கொண்டு போவதைக் காண்பீர்கள். நிறுத்தும்போது எடையின் பெரும்பகுதி முன்னால் போவதால், உண்மையில் வண்டியை நிறுத்துவது முன்சக்கரம்தான். அதே காரணத்தால், முன்பிரேக்கைச் சடக்கென்று முழுதாகப் பிடித்தால் பின்சக்கரம் எழும்பித் தலைகுப்புறத் தள்ளும். எனவே இரண்டையும் சேர்த்து, முதலில் மெல்லவும் பிறகு இறுக்கியும் பிடித்து, கைகளை நீட்டி ஊன்றி, இடுப்பைச் சீட்டின் பின்பக்கம் தள்ளிக்கொள்ள வேண்டும். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் நாம் ஒரு நொடிக்கு நான்கு மீட்டருக்கு மேல் நகர்கிறோம். கை லிவரைத் தேடும் ஒரு நொடியிலேயே ஒரு காரின் நீளம் கடந்துவிடுகிறது. அதனால் கூட்டமான இடத்தில் விரல்கள் லிவரின் மேலேயே இருக்கட்டும். முலாம் பூசிய இரும்பு ரிம் உள்ள வண்டியானால் இன்னொன்றையும் நினைவில் கொள்ளுங்கள்: மழையில் அந்த ரிம் நனைந்தால் பிரேக் பிடிப்பது பெருமளவு குறைந்துவிடும். நிறுத்த வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே கட்டையை ரிம்மில் உரசவிட்டுத் தண்ணீரைத் துடைத்துக்கொள்ள வேண்டும்.

பின்னால் திரும்பிப் பார்ப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம் என்பேன். கண்ணாடி வைத்த வண்டியில் இருபது ஆண்டு ஓட்டியவரின் கழுத்து திரும்பவே மறுக்கும். திரும்பினாலும் தலை போகும் பக்கம் ஹேண்டிலும் போகும். வலப்பக்கம் திரும்பிப் பார்த்த அதே கணத்தில் வண்டி வலப்பக்கம் ஒதுங்குவதைவிட ஆபத்தானது சாலையில் வேறில்லை. தரையில் நேர்க்கோடு ஒன்றைப் போட்டு, அதன்மேல் ஓட்டிக்கொண்டே தாடையை வலது தோளுக்குக் கொண்டுபோங்கள். கோடு விலகினால், வலக்கையை ஹேண்டிலிலிருந்து எடுத்துத் தொடையில் வைத்துக்கொண்டு பாருங்கள். ஹேண்டிலை இழுக்கக் கையில்லாததால் வண்டி நேராகப் போகும். யாரையாவது பின்னால் நிற்க வைத்து விரல்களைக் காட்டச் சொல்லி, எத்தனை விரல் என்று நீங்கள் சொல்ல வேண்டும். சும்மா திரும்புவதற்கும் உண்மையில் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு அதில் தெரிந்துவிடும். இது வந்துவிட்டால், கை காட்டுவதற்கான ஒற்றைக்கை ஓட்டமும் கூடவே வந்துவிடும்.

கடைசியாக மெதுவாக ஓட்டுவது. பொங்கல் விளையாட்டுகளில் நடக்கும் ஸ்லோ சைக்கிள் ரேசை நினைவிருக்கிறதா? கடைசியாக வருபவருக்குத்தான் பரிசு. சந்தைக் கூட்டத்துக்கும் சிக்னலுக்கும் அதைவிட நல்ல பயிற்சி கிடையாது. பின்பிரேக்கை இலேசாகப் பிடித்தபடியே பெடலை மிதித்து, வேகத்தைக் கையாலும் சமநிலையைக் காலாலும் காத்துக்கொண்டு, முப்பதடியை எவ்வளவு நேரம் இழுக்க முடிகிறது என்று பாருங்கள். பிறகு இரண்டு செங்கற்களைச் சுற்றி எட்டுப் போடுங்கள். திரும்பும் பக்கத்துப் பெடல் எப்போதும் மேலே இருக்க வேண்டும். கீழே இருந்தால் தரையில் இடிக்கும்.

இவை எல்லோருக்கும் ஒரே வேகத்தில் வராது. எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று. கோட்டை விட்டு விலகாமல் பின்னால் பார்த்து விரலை எண்ணவும், யாராவது திடீரென்று கைதட்டினால் பெடலை மிதிக்காமல் நிறுத்தவும் ஐந்துக்கு ஐந்து முறை முடிந்தால் மைதானத்தை விட்டு வெளியே வரலாம்.

சாலையில்

முதல் சில பயணங்கள் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், நீங்கள் நடந்து பழகிய தெருக்களில் இருக்கட்டும். குளக்கரைச் சாலை, ஆற்றங்கரைச் சாலை, கோயிலைச் சுற்றிய வீதிகள் போன்று சுற்றிச் சுற்றி வரக்கூடிய இடம் ஊருக்கு ஒன்றாவது இருக்கும்.

இடப்பக்கம் ஓட்ட வேண்டும், ஆனால் சாலையின் விளிம்பை ஒட்டிப் போகக் கூடாது. மணல், கண்ணாடிச் சில்லு, சாக்கடை மூடியின் இடுக்கு எல்லாம் அங்கேதான் சேரும். தார் விளிம்பிலிருந்து மண்ணில் இறங்கிய சக்கரம் மீண்டும் ஏற முயலும்போது வழுக்கிவிடும். விளிம்பிலிருந்து ஒரு கை நீளம் தள்ளி, நேர்க்கோட்டில் ஓட்டுங்கள். நின்றிருக்கும் கார்களின் கதவு எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம் என்பதால் அவற்றிலிருந்தும் ஒரு மீட்டராவது விலகுங்கள். நிறுத்தத்தில் நிற்கும் பேருந்துக்கும் நடைபாதைக்கும் நடுவே புகுந்துவிடாதீர்கள். லாரி, பேருந்தின் இடப்பக்கம் ஓட்டுநருக்குத் தெரியாத பகுதி. வண்டி இடப்பக்கம் திரும்பினால் நமக்குப் போக இடமிருக்காது. மோட்டார் சைக்கிளில் இருந்தபோது நாம் கண்ட இடைவெளிகளெல்லாம் இப்போதும் கண்ணுக்குத் தெரியும். ஆனால் அவற்றைக் கடக்க முறுக்குவதற்கு ஆக்சிலேட்டர் கிடையாது. இடைவெளி தெரிந்தாலும் காத்திருப்பதே புதிதாகக் கற்க வேண்டிய பழக்கம்.

பெரிய சாலையில் வலப்பக்கம் திரும்ப வேண்டுமானால், கூச்சப்படாமல் இடது ஓரத்தில் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்து கடந்துவிடுங்கள். நான் இன்றும் இரண்டு இடங்களில் அப்படித்தான் கடக்கிறேன். வேகத்தடையில் பெடல்களை மட்டமாக வைத்து, சீட்டிலிருந்து சற்றே எழுந்து, முட்டியை மடக்கிக் கொடுத்தால் முதுகுக்கு அடி விழாது. தண்டவாளத்தைக் குறுக்காக, கூடிய வரை செங்குத்தாகக் கடக்க வேண்டும். சாய்வாகப் போனால் முன்சக்கரம் பள்ளத்தில் சிக்கும். மழை நாளில் சாலையின் வெள்ளைக் கோடுகளும் இரும்பு மூடிகளும் வழுக்கும். நாய் துரத்தினால் வேகம் எடுக்காதீர்கள். பெரும்பாலும் ஓடுகிற சக்கரம்தான் அதைத் தூண்டுகிறது. நிறுத்தி இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவே வைத்துக்கொண்டு, உரத்த குரலில் அதட்டியபடி நடந்தால் பெரும்பாலும் விட்டுவிடும். இருட்டிய பின் ஓட்டுவதாக இருந்தால், முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் இல்லாமல் போகவே கூடாது.

உடம்பு

இதய நோய், கட்டுப்படாத இரத்த அழுத்தம், தலைச்சுற்றல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் பையில் சர்க்கரையோ குளுக்கோஸோ வைத்திருக்க வேண்டும். ஓட்டும்போது நெஞ்சில் இறுக்கமோ வலியோ தோன்றினால், வீடு பக்கம்தானே என்று மிதிக்காமல் அங்கேயே இறங்கி உதவி கேளுங்கள். மற்றபடி அளவு எளியது: பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற மூச்சில் ஓட்டினால் போதும். மூன்று கிலோமீட்டரில் தொடங்கி, வாரந்தோறும் ஒன்றோ இரண்டோ கூட்டிக்கொண்டு போகலாம். கோடையில் எட்டு மணிக்கு முன் வீடு திரும்பிவிடுங்கள்.

முதல் வாரம் உட்காரும் எலும்புகள் வலிக்கும். அது தானே ஆறிவிடும். அதற்காகத் தடித்த ஜெல் உறை வாங்கிப் போட வேண்டாம். எலும்பு அதில் புதைந்து, சுற்றியுள்ள மெல்லிய தசை நசுங்கி, மரத்துப்போகும். முட்டியின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்ந்திருக்கிறது, அல்லது கனமான கியரில் அழுத்தி மிதிக்கிறீர்கள் என்று கொள்ளலாம். முட்டியின் பின்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் உயரமாக இருக்கும். கியர் உள்ள வண்டியில் இலேசான கியரில் விரைந்து மிதிப்பதே முட்டிக்கு நல்லது. மேடு வந்தபின் மாற்றாமல், மேட்டுக்கு முன்பே, பெடல் சுழலும்போதே மாற்றுங்கள். உள்ளங்கை மரத்தால், சீட்டின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்து உங்களை முன்னால் தள்ளுகிறதா என்று பாருங்கள். அதை மட்டமாக்கினால் பெரும்பாலும் சரியாகும்.

முதல் வேலை

மூன்று நான்கு வாரம் சுற்றிவந்த பிறகு, ஒரு வேலைக்காகச் சைக்கிளை எடுங்கள். இரண்டு கிலோமீட்டர் தொலைவில் உள்ள காய்கறிக் கடையோ நூலகமோ போதும். உடற்பயிற்சிக்கென்று மட்டும் வைத்த சைக்கிள் மழைக்காலத்தில் நின்றால் மீண்டும் எழுவதில்லை. கீரை வாங்கவும் தபால் போடவும் போகிற சைக்கிள் நிற்பதில்லை. நல்ல பூட்டு ஒன்றை வாங்கி, பின்சக்கரத்தையும் சட்டத்தையும் சேர்த்துத் தரையில் ஊன்றிய கம்பியோடு பூட்டுங்கள். காய்கறிப் பையை ஹேண்டில்பாரில் தொங்கவிடாதீர்கள். திரும்பும்போது பை ஆடி முன்சக்கரக் கம்பிகளுக்குள் போனால் வண்டி நின்ற இடத்தில் நின்றுவிடும், நாம் மட்டும் முன்னால் போவோம். கேரியரில் வைத்து, ரப்பர் பட்டையால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிக்கொள்ளுங்கள்.

அப்படி நான்கைந்து முறை போய்வந்த பின், கால் தரையைத் தேடாமல் நிறுத்த வருகிறது என்று தெரிந்ததும், சீட்டை அதன் சரியான உயரத்துக்கு ஏற்றிவிடலாம். சுவரைப் பிடித்துக்கொண்டு வண்டியில் அமர்ந்து, செருப்பு அணிந்த குதிகாலைப் பெடலில் வைத்து, பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். இடுப்பு ஒரு பக்கம் சாயாமல், முட்டி அப்போதுதான் முழுதாக நீள வேண்டும். மிதிக்கும்போது முன்பாதம் பெடலில் இருக்குமாதலால் முட்டி சற்றே மடங்கி நிற்கும். அதுதான் வேண்டிய நிலை. சீட் தண்டில் பொறித்துள்ள எல்லைக் கோடு சட்டத்துக்கு வெளியே தெரியக் கூடாது. போல்ட்டை இறுக்கி முடித்ததும், தண்டும் சட்டமும் சேரும் இடத்தில் பெயின்டால் சிறு கோடு ஒன்று போட்டுவையுங்கள். வீட்டில் வேறு யாராவது எடுத்து ஓட்டிச் சீட்டை இறக்கினாலும், உங்கள் உயரத்தை மறுபடி தேட வேண்டியிருக்காது.